ஒரு மலைக்காட்டு லைக்கனின் ஹெர்பேரியப் பதிவுகளைப் படித்துச் சரிபார்க்கும் முறை

ஹெர்பேரியம் என்பது உலர்த்திய தாவர, லைக்கன் மாதிரிகளைப் பாதுகாக்கும் காப்பகம். அதன் அலமாரியிலிருந்து எடுத்த ஒரு லைக்கன் மாதிரி பெரும்பாலும் உள்ளங்கை அகலமுள்ள மடித்த காகித உறைக்குள் இருக்கும். உறையைத் திறந்தால், மரப்பட்டைத் துணுக்கோடு ஒட்டிய பழுப்பேறிய ஒரு துண்டும், அதைச் சுற்றி உதிர்ந்து கிடக்கும் கொஞ்சம் தூளும் தெரியும். உறையின் மேல்முகத்தில் ஒட்டிய சீட்டில் இனத்தின் பெயர், இடம், உயரம், எந்த மரத்தில் வளர்ந்தது, எந்த நாளில் எடுக்கப்பட்டது, யார் எடுத்தார், அவருடைய வரிசை எண் என்ன என்பவை எழுதப்பட்டிருக்கும். இந்தச் சீட்டில் உள்ளதை யாரோ ஒருவர் கணினியில் தட்டச்சு செய்ததே நாம் இணையத்தில் தேடிப் பெறும் 'பதிவு'. உறை, சீட்டு, தட்டச்சு ஆகிய மூன்றுக்கும் நடுவே நழுவிப் போனவற்றையும், பின்னால் வந்தவர்கள் சேர்த்தவற்றையும் அடையாளம் காண்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

எடுத்துக்காட்டாக லோபாரியா புல்மோனேரியா என்ற இனத்தை எடுத்துக்கொள்கிறேன். நுரையீரலின் உட்பரப்பைப் போல மேடும் பள்ளமுமாக இருப்பதால் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இதற்கு நுரையீரலை ஒட்டிய பெயர்கள் உண்டு. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா, ஆப்பிரிக்க மலைகள் எனப் பரவலாக வாழும் இந்த இனம், பழமையான ஈரக்காடுகளில் பீச், ஓக், மேப்பிள் போன்ற மரங்களின் பட்டையில் வளர்கிறது. காற்று மாசுக்கும் காடழிப்புக்கும் எளிதில் பலியாவதால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் சிவப்புப் பட்டியல்களில், அதாவது அழிவாபத்தில் உள்ள இனங்களின் பட்டியல்களில், இடம்பெற்றுள்ளது. பெரியது, கண்ணில் படக்கூடியது, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சேகரிக்கப்பட்டு வருவது. ஆகவே ஹெர்பேரியப் பதிவுகளில் வரக்கூடிய சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஓர் இனத்தில் கிடைத்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் விரிதாளில் ஒரே ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு விவரத்துக்கும் இரண்டு நிரல்கள் (செங்குத்துக் கட்ட வரிசைகள்) வையுங்கள்: சீட்டில் எழுதியிருப்பது எழுத்துக்கு எழுத்து முதல் நிரலில், நீங்கள் புரிந்துகொண்டது இரண்டாம் நிரலில். முதல் நிரலை எந்தக் காரணத்துக்காகவும் திருத்தக் கூடாது. எழுத்துப்பிழை இருந்தாலும், அளவு அபத்தமாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். இனி சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்தப் பிரிவினைதான் அடித்தளம்.

பெயர்களைத் திரட்டுதல்

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிரி என்றாலும், அறிவியல் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கே உரியது. நம் இனத்தில் ஒரு பச்சைப்பாசியோடு நாஸ்டாக் என்ற சயனோபாக்டீரியாவும் குடியிருக்கிறது. ஆனால் அவற்றுக்குத் தனிப்பெயர்கள் உண்டு, பதிவைத் தேட அவை உதவா.

1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு 'லைக்கன் புல்மோனேரியஸ்' என்று பெயரிட்டார். அவருக்கு எல்லா லைக்கன்களும் ஒரே பேரினம்தான். 1796-இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஹாஃப்மன் அதை லோபாரியா பேரினத்துக்கு மாற்றினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் இதை ஸ்டிக்டா பேரினத்தில் வைத்து 'ஸ்டிக்டா புல்மோனேரியா' என்றும், லைக்கன் அறிஞர் அகாரியஸைப் பின்பற்றி 'ஸ்டிக்டா புல்மோனேசியா' என்றும் எழுதினார்கள். எனவே 1850-ஐ ஒட்டிய உறைகளில் லோபாரியா என்று மட்டும் தேடினால் கணிசமான மாதிரிகளைத் தவறவிடுவீர்கள். இண்டெக்ஸ் ஃபங்கோரம், மைக்கோபேங்க் ஆகிய பெயர்த் தளங்களில் இணைப்பெயர்களின் (ஒரே இனத்துக்கு வழங்கிய வேறு பெயர்களின்) பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே தேட வேண்டும்.

தலைகீழான இடரும் ஒன்று உண்டு. புல்மோனேரியா என்பது பூக்கும் தாவரப் பேரினம் ஒன்றின் பெயரும்கூட. அந்தச் சொல்லை மட்டும் கொடுத்துத் தேடினால் நீலப்பூப் பூக்கும் செடிகள் வந்து குவியும். அவற்றைக் கழிப்பது எளிது. உயரத்தையும் இடத்தையும் ஒப்பிட்டு ஆராயத் தொடங்கிய பிறகு, நடுவில் ஒரு செடி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

பதிவுகளைத் திரட்டுதல்

2001-இல் தொடங்கப்பட்ட ஜிபிஐஎஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தகவல் தளத்திலும், வட அமெரிக்காவில் தொடங்கிய லைக்கன் ஹெர்பேரியங்களின் கூட்டமைப்புத் தளத்திலும் பெரும்பாலான எண்ணியப் பதிவுகள் கிடைக்கும். ஜிபிஐஎஃப்பில் 'பாதுகாக்கப்பட்ட மாதிரி' என்ற அடிப்படையை வடிகட்டியில் தேர்ந்தெடுங்கள்; இல்லாவிட்டால் கைப்பேசிப் படங்களிலிருந்து வந்த நேரடி அவதானிப்புகளும் கலந்துவிடும். அவையும் பயனுள்ளவையே, ஆனால் அவற்றைச் சரிபார்க்கும் முறை வேறு.

பதிவிறக்கும்போது எளிய சிஎஸ்வி கோப்பை எடுக்காமல் டார்வின் கோர் (பல்லுயிர்ப் பதிவுகளுக்கான பொதுத் தரவு வடிவம்) ஆவணத் தொகுப்பை எடுப்பது நல்லது. அதில் முக்கியமாக இரண்டு கோப்புகள் இருக்கும்: ஹெர்பேரியம் அனுப்பியது அனுப்பியவாறே ஒன்று, தளத்தின் மென்பொருள் பொருள்கொண்டு மாற்றியது மற்றொன்று. நாம் விரிதாளில் செய்த இரட்டை நிரல் ஏற்பாட்டுக்கு இது கையோடு பொருந்தும். ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் தளம் ஒரு டிஓஐ எண் (மாறாத இணைய அடையாள எண்) தரும். அதை அன்றே குறித்து வையுங்கள். மாதிரிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால், அடுத்த ஆண்டு அதே தேடலைச் செய்தால் வேறு எண்ணிக்கை வரும்.

ஒவ்வொரு ஹெர்பேரியத்துக்கும் ஒரு சுருக்கக் குறியீடு உண்டு. நியூயார்க் தாவரவியல் பூங்கா பராமரிக்கும் இண்டெக்ஸ் ஹெர்பேரியோரம் என்ற பதிவேட்டில் அவற்றைக் காணலாம். எண்ணியப் பதிவு இல்லாத ஹெர்பேரியங்கள் இன்னும் ஏராளம். அவற்றின் பொறுப்பாளருக்கு எழுதிக் கேட்கும்போது இணைப்பெயர்ப் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். உறைகள் பழைய பெயரிலேயே அடுக்கப்பட்டிருந்தால் அவர் தேட வேண்டிய அலமாரியே வேறாக இருக்கும்.

சில மாதிரிகள் இன்று இல்லை. 1943 மார்ச்சில் நடந்த குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. அங்கே இருந்த மாதிரியை யாரேனும் அதற்கு முன்பு நூலில் மேற்கோள் காட்டியிருந்தால் அது நூல்வழிப் பதிவாக மட்டுமே நிற்கும். மாதிரிப் பதிவுகளோடு அதைக் கலந்து எண்ணக் கூடாது.

ஒரு சீட்டை வரிவரியாகப் படித்தல்

இங்கேதான் நேரம் செலவாகும், செலவாக வேண்டும். பயிற்சிக்காக ஒரு கற்பனைச் சீட்டை அமைத்துக்கொள்வோம்; இடமும் அளவுகளும் மட்டும் உண்மையானவை. ஜெர்மன் மொழியில், கையெழுத்தில், இப்படி இருக்கிறது: 'ஸ்டிக்டா புல்மோனேசியா. குரோன்ஸ்டாட்டுக்குத் தெற்கே 1 மைல், பீச் மரங்களில், 4200 அடி. 7.8.72. எண் 318.'

முதலில் ஊர். குரோன்ஸ்டாட் என்ற சொல்லை இடப்பெயர்த் தேடலில் கொடுத்தால் பெரும்பாலும் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு எதிரே, பின்லாந்து வளைகுடாத் தீவில் உள்ள கடற்படை நகரம் முதலில் வரும். அதற்குத் தெற்கே எந்த மைலை அளந்தாலும் 4200 அடி உயர மலை கிடையாது. கார்பாத்திய மலையடிவாரத்தில் உள்ள இன்னொரு நகரத்துக்கும் ஜெர்மானியர் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள்: ஹங்கேரியர் அதை பிராஷோ என்றார்கள், இன்று அது ருமேனியாவின் பிரசோவ். 1950 முதல் 1960 வரை ஓராசுல் ஸ்டாலின் என்ற பெயரும் அதற்கு இருந்தது. ஆகவே ஒரே மலைச்சரிவில் எடுத்த நான்கு மாதிரிகள் நான்கு ஊர்ப்பெயர்களோடும் இரண்டு நாட்டுப் பெயர்களோடும் வரலாம். 1900-ஆம் ஆண்டுச் சீட்டு 'ஹங்கேரி' என்று சொன்னால் அது பிழையன்று. அன்றைய நாட்டை முதல் நிரலில் விட்டுவிட்டு, இன்றைய நாட்டை இரண்டாம் நிரலில் எழுதுங்கள்.

அடுத்தது மைல். இது ஆங்கில மைல் என்று எடுத்துக்கொண்டால் 1.6 கிலோமீட்டர். ஆஸ்திரிய ஆட்சிப் பகுதியில் 1876-இல் மெட்ரிக் முறை நடைமுறைக்கு வருவதற்கு முன் வழங்கிய மைல் ஏறத்தாழ 7.6 கிலோமீட்டர். இரண்டில் எது என்பதை உயரமே சொல்லிவிடும். நகரத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருப்பது டம்பா என்ற குன்று. அதன் உச்சி ஆயிரம் மீட்டரைத் தொடாது. ஏழரைக் கிலோமீட்டர் தெற்கே போனால் 1,799 மீட்டர் உயரமுள்ள போஸ்டவாருல் மலைத்தொகுதியின் சரிவுகள் வந்துவிடும். சீட்டு சொல்லும் உயரம் அங்கேதான் சாத்தியம்.

அந்த உயரமும் மைலைப் போலவே அளவுகோலைப் பொறுத்தது. ஆங்கில அடி 0.3048 மீட்டர், அதன்படி 4200 அடி என்பது 1,280 மீட்டர். வியன்னா அடி 0.316 மீட்டர், அதன்படி 1,327 மீட்டர். வேறுபாடு 47 மீட்டர்தான். ஆனால் நூறாண்டுகளில் இந்த லைக்கன் மலைமீது மேலேறியதா என்று ஆராய்பவருக்கு 47 மீட்டர் சின்னது ஆகாது. இதைவிட மோசமானது அலகே எழுதாத எண். நான் ஒருமுறை '4500' என்ற வெறும் எண்ணை மீட்டர் என்று எண்ணி ஒரு வாரம் அலைந்தேன். அந்த மலையில் மரங்கள் ஏறும் எல்லையே அதில் பாதிகூட இல்லை என்பதைக் கவனித்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். அலகு இல்லாத உயரத்தைக் கண்டால், சீட்டில் உள்ள மரத்தின் பெயர் அந்த உயரத்தில் வளருமா என்று பாருங்கள். பெரும்பாலும் மரமே விடை சொல்லிவிடும்.

பிறகு நாள். 7.8.72 என்பது ஆகஸ்ட் 7-ஆ, ஜூலை 8-ஆ? ஜெர்மன் வழக்கில் நாள் முன்னால் வரும் என்பது ஒரு குறிப்பு; அதையே முடிவாகக் கொள்ள வேண்டாம். அதே சேகரிப்பாளரின் 315-ஆம் எண் மாதிரியையும் 322-ஆம் எண் மாதிரியையும் தேடிப் பிடியுங்கள். அவை 5.viii, 9.viii என்று ரோமன் எண்ணில் மாதத்தோடு இருந்தால் 318 ஆகஸ்ட் 7-தான். ஆண்டு 1872 என்பதற்கு அடி, மைல், ஊரின் ஜெர்மன் பெயர் மூன்றும் சான்று. 1972-இல் எழுதியவர் மூன்றையும் இப்படி எழுதியிருக்க வழியில்லை. இரண்டாம் நிரலில் 1872-08-07 என்று ஆண்டு முதலில் வரும் வடிவத்தில் எழுதுங்கள்.

நாட்காட்டியையும் மறக்க வேண்டாம். நம் சீட்டு ஹாப்ஸ்பர்க் (ஆஸ்திரிய-ஹங்கேரிய) ஆட்சிக்கு உட்பட்ட பக்கத்தைச் சேர்ந்தது. அங்கே கிரிகோரியன் நாட்காட்டி. அதே மலைத்தொடரின் தென்சரிவு அன்றைய ருமேனியாவில் இருந்தது. ருமேனியா 1919 வரை ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 12 நாள் இடைவெளி. ரஷ்யாவிலோ 1918 பிப்ரவரியில்தான் மாற்றம் வந்தது. லைக்கன் ஆண்டு முழுவதும் இருப்பதால் இனத்தின் வாழ்வுக்கு இந்த 12 நாள் பொருட்டில்லை. ஆனால் ஒரே மாதிரியின் இரு பிரதிகளில் இரு வேறு நாட்கள் இருப்பதன் காரணம் சிலவேளைகளில் இதுவாக இருக்கும்.

சீட்டில் இருப்பது எடுத்த நாள்தானா என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இனம் கண்டறிந்த நாள், ஹெர்பேரியத்துக்கு வந்து சேர்ந்த நாள், அச்சிட்ட தொகுதி வெளியான ஆண்டு என்று பல நாட்கள் ஒரே உறைமீது இருக்கும். தட்டச்சு செய்தவர் கண்ணில் முதலில் பட்டதைப் போட்டிருப்பார். சேகரிப்பாளர் இறந்து பத்தாண்டு கழித்து அவர் 'சேகரித்த' மாதிரி ஒன்றைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். சேகரிப்பாளரின் வாழ்நாளைச் சரிபார்க்க பயோனோமியா தளம் உதவும். அது மாதிரிகளைச் சேகரித்தவர்களின் அடையாளத்தோடு இணைக்கிறது.

இடத்தைப் புள்ளியாக மாற்றுதல்

பிரசோவின் அட்சரேகை ஏறத்தாழ 45.65 வடக்கு, தீர்க்கரேகை 25.60 கிழக்கு. ஓர் அட்சரேகைப் பாகை சுமார் 111 கிலோமீட்டர் என்பதால் 7.6 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்தால் 0.068 பாகை குறையும், புள்ளி 45.58, 25.60-க்கு வரும். பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் புள்ளி எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் எழுதினால்தான் பதிவு முழுமை பெறும்.

புள்ளியும் ஆரமும் என்ற முறையில் அதைக் கணக்கிடலாம். 'தெற்கே' என்று மட்டும் எழுதியவர் தென்கிழக்குக்கும் தென்மேற்குக்கும் இடையே எங்கேயும் நின்றிருக்கலாம். ஆகவே இருபுறமும் 45 பாகை. '1 மைல்' என்ற முழு எண் அரை மைல் முன்பின்னாக இருக்கலாம், அதாவது 3.8 கிலோமீட்டர். நகரத்தின் எந்தப் பகுதியிலிருந்து அளந்தார் என்பது தெரியாததால் இன்னொரு கிலோமீட்டர். மூன்றையும் சேர்த்தால் மிகத் தொலைவான சாத்தியம் 12.4 கிலோமீட்டரில், 45 பாகை விலகி இருக்கும். அந்தப் புள்ளி நம் மையத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தொலைவில் விழுகிறது. ஆக, நிலையின்மை ஆரம் 9,000 மீட்டர். டார்வின் கோர் வடிவத்தில் இதற்கென்றே ஒரு நிரல் உண்டு. எந்த நிலக்குறிப்பு முறையைப் பின்பற்றினீர்கள் என்பதற்கு இன்னொன்று, இன்றைய வழக்கில் அது ஜிபிஎஸ் கருவிகள் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84.

ஒன்பது கிலோமீட்டர் என்றவுடன் மனம் தளர வேண்டாம். அந்த வட்டத்துக்குள் 1,280 முதல் 1,330 மீட்டர் உயரத்தில் உள்ள சரிவுகளை மட்டும் எடுத்தால் பரப்பு பெரிதும் சுருங்கும். பீச் மரங்கள் வளரும் பகுதி என்ற நிபந்தனையைச் சேர்த்தால் இன்னும் சுருங்கும். ஆனால் சுருக்கிய பரப்பு உங்கள் ஊகம் என்பதைக் குறிப்பு நிரலில் எழுதிவிட்டு, முழு வட்டத்தையும் வைத்திருங்கள். உயரத்தைக் கொண்டு இடத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு அந்த இடத்தைக் கொண்டு இனம் எந்த உயரத்தில் வாழ்கிறது என்று முடிவு செய்தால் அது தன் வாலைத் தானே கடிக்கும் பாம்பாகிவிடும்.

சில சீட்டுகளில் ஆயத்தொலைவுகள் ஏற்கெனவே இருக்கும். பழையவையானால் எந்தத் தீர்க்கரேகையிலிருந்து எண்ணியவை என்று பாருங்கள். ஆஸ்திரிய-ஹங்கேரிய வரைபடங்கள் ஃபெரோ தீவிலிருந்து எண்ணின. அது கிரீன்விச்சுக்கு மேற்கே 17 பாகை 40 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). அந்தக் கணக்கில் பிரசோவ் 43 பாகை 16 கலை கிழக்கில் இருக்கும்; மாற்றாமல் விட்டால் நம் லைக்கன் காஸ்பியன் கடலுக்கு மேற்கே மரமற்ற புல்வெளியில் போய் விழும். பிரெஞ்சு வரைபடங்களில் பாரிஸ் தீர்க்கரேகை, கிரீன்விச்சிலிருந்து 2 பாகை 20 கலை கிழக்கே.

புதிய பதிவுகளில் சிக்கல் வேறு மாதிரி. ஆறு தசம இலக்கத்தோடு ஓர் ஆயத்தொலைவு வந்தால் அது பத்து சென்டிமீட்டர் நுட்பத்தைக் குறிக்கும். 1930-ஆம் ஆண்டு மாதிரிக்கு அப்படி ஒரு நுட்பம் இருக்க வழியே இல்லை, பின்னால் மென்பொருள் ஒன்று போட்டது. பூச்சியம்-பூச்சியத்தில் விழும் புள்ளிகள், நாட்டின் நடுமையத்தில் விழுபவை, ஹெர்பேரியக் கட்டடத்தின் மேலேயே விழுபவை, அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியவை, எதிர்க்குறி விடுபட்டுக் கண்டம் தாண்டியவை ஆகியவற்றை ஒரே வடிகட்டலில் பிடித்துவிடலாம். அழிவாபத்தில் உள்ள இனம் என்பதால் சில நாடுகள் புள்ளியை வேண்டுமென்றே நகர்த்தி வெளியிடுகின்றன. குறிப்பு நிரலில் அது சொல்லப்பட்டிருக்கும். அதைத் 'திருத்த' முயல வேண்டாம்.

இரட்டைகளை அடையாளம் காணுதல்

ஒரே மரத்திலிருந்து எடுத்த லைக்கனைப் பல உறைகளாகப் பிரித்துப் பல ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவது பழைய வழக்கம். அச்சிட்ட சீட்டுகளோடு எண்ணிட்டு விற்ற தொகுதிகளும் உண்டு. அவற்றை எக்சிகேட்டா என்பார்கள். சேகரிப்பாளர், எண், நாள் மூன்றும் ஒத்துப்போனால் அவை ஒரே நிகழ்வின் பிரதிகள். பரவலைக் கணக்கிடும்போது ஒன்றாக எண்ணுங்கள், ஆனால் எந்தப் பிரதியையும் அழிக்காதீர்கள். ஒரு பிரதியில் உயரம் இருக்கும், இன்னொன்றில் மரத்தின் பெயர் இருக்கும். ஒன்றில் மங்கிய எழுத்து மற்றொன்றில் தெளிவாக இருக்கும். சில நேரம் ஒரே எண்ணுள்ள இரு உறைகளில் இரு வேறு இனங்கள் இருப்பதும் உண்டு. பிரிக்கும்போது பக்கத்தில் வளர்ந்தது கலந்துவிட்டிருக்கும்.

மாதிரியை நேரில் பார்த்தல்

பெயர் சரியா என்பதை உறையைத் திறந்தால்தான் சொல்ல முடியும். திறப்பதற்கு முன் கையுறை அணியுங்கள். பூச்சி அரிப்பைத் தடுக்க ஹெர்பேரிய மாதிரிகளுக்கு ஒரு காலத்தில் மெர்குரிக் குளோரைடு பூசினார்கள். எந்த உறைக்குப் பூசினார்கள் என்பது வெளியே தெரியாது. காற்றோட்டமுள்ள அறையில் வேலை செய்யுங்கள், உறைத்தூளை ஊதாதீர்கள்.

லோபாரியா புல்மோனேரியாவின் மேற்பரப்பில் வலைபோல மேடுகள் ஓடும். அந்த மேடுகளின் மீதும் மடல்களின் விளிம்பிலும் பொடிப்பொடியாகச் சொரீடியாவும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்த இனப்பெருக்கத் தூள்), சில இடங்களில் ஐசிடியாவும் (அதே வேலை செய்யும் சிறு முளைகள்) இருக்கும். கீழ்ப்பரப்பில் மெல்லிய ரோமப் பரப்பும், நடுநடுவே ரோமமற்ற வெளிறிய புடைப்புகளும் மாறி மாறி வரும். உலர்ந்த நிலையில் பழுப்பாக இருக்கும். ஒரு துளி நீர் பட்டதும் அந்த இடம் மட்டும் பச்சையாக மாறும். நூறாண்டுப் பழைய மாதிரியில் பச்சை மங்கியிருக்கலாம் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

குழப்பும் உறவினர்கள் சில உண்டு. லோபாரியா லினிட்டாவுக்கும் வலைமேடுகள் இருக்கும், ஆனால் சொரீடியா இராது. லோபாரியா ஒரெகானா மஞ்சள் கலந்த வெளிர்ப்பச்சை, விளிம்பில் சிறுமடல்கள் இருக்கும். லோபாரியா ரெட்டிஜெராவில் பச்சைப்பாசிக்குப் பதில் சயனோபாக்டீரியாவே முதன்மைத் துணை; நனைத்தால் பச்சையாகாமல் கருஞ்சாம்பலாகும். ஆசிய மலைகளிலிருந்து வந்த 'புல்மோனேரியா' உறைகளில் இந்த ஒன்றை மறவாமல் சோதித்துப் பாருங்கள்.

வேதிச் சோதனையும் உதவும். 1866-இல் பின்லாந்து லைக்கன் அறிஞர் நைலாண்டர் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கால்சியம் ஹைப்போகுளோரைட் ஆகியவற்றைக் கொண்டு லைக்கன்களைப் பிரித்தறியும் வழியைத் தொடங்கி வைத்தார். நம் இனத்தின் உள்ளடுக்கில் ஸ்டிக்டிக் அமிலமும் நார்ஸ்டிக்டிக் அமிலமும் இருப்பதால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பட்டால் மஞ்சளாகிச் சிவக்கும். ஹைப்போகுளோரைட் (பிளீச்) கரைசலுக்கு நிறம் மாறாது. லினிட்டாவில் முதல் சோதனையே எதையும் காட்டாது. ஆனால் திரவத்தை மாதிரியின் மீது நேரே விடக்கூடாது. பொறுப்பாளரின் அனுமதியோடு, குண்டூசித் தலையளவு துணுக்கைத் தனியே எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்துச் சோதியுங்கள். பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியானால் தொடவே வேண்டாம். துணுக்கை எடுத்ததையும் அதன் விடையையும் ஒரு சிறு சீட்டில் எழுதி உறைக்குள் வைப்பது வழக்கம். அடுத்து வருபவர் அதே சோதனைக்காக இன்னொரு துணுக்கைக் கிள்ளாமல் இருக்க அது ஒன்றே காவல்.

புள்ளிகளை வைத்து முடிவுக்கு வருமுன்

சேகரிப்பாளர்கள் சாலை, இருப்புப்பாதை, விடுதி, ஆய்வு நிலையம் ஆகியவற்றின் அருகேதான் அதிகம் எடுத்தார்கள். மலைக்காட்டில் இந்தச் சாய்வு இன்னும் கூடுதல். பாதை போகும் பள்ளத்தாக்கில் புள்ளிகள் மொய்க்கும், அடுத்த பள்ளத்தாக்கு வெறுமையாக இருக்கும். வெறுமை என்பது அங்கே இனம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அதே பள்ளத்தாக்கில் அதே காலத்தில் மற்ற பெரிய இலைவடிவ லைக்கன்களை யாரேனும் எடுத்தார்களா என்று பாருங்கள். ஐம்பது மாதிரிகள் எடுத்த ஒருவர் இவ்வளவு பெரிய, கண்ணைப் பறிக்கும் இனத்தை விட்டிருந்தால் அந்த மௌனத்துக்குக் கொஞ்சம் எடை உண்டு. யாருமே போகாத இடத்தின் மௌனத்துக்கு எடையே கிடையாது.

காலவரிசையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஓர் இனம் சிவப்புப் பட்டியலில் ஏறிய பிறகு பொறுப்புள்ளவர்கள் அதைப் பிய்த்தெடுப்பதை நிறுத்திவிட்டுப் படம் மட்டும் எடுப்பார்கள். மாதிரிப் பதிவுகளை மட்டும் வரைந்தால், அதே ஆண்டிலிருந்து இனமே குன்றியதுபோல் வரைகோடு விழும். உண்மையிலேயே குன்றியதா என்பதைப் பழைய இடங்களுக்குத் திரும்பப் போய்ப் பார்த்த பதிவுகளைக் கொண்டே சொல்ல முடியும். நம் கற்பனைச் சீட்டின் 9 கிலோமீட்டர் வட்டம் அப்படிப் போய்த் தேடுவதற்குப் போதாது. 200 மீட்டருக்குக் குறைவான ஆரமுள்ள பதிவுகளை இதற்கெனத் தனியே பிரித்துக்கொள்ளுங்கள்.

நீங்களே புதிய மாதிரி எடுக்க நேர்ந்தால், அனுமதி பெற்று, தாங்கக்கூடிய அளவுள்ள தொகுதியிலிருந்து ஒரு மடலை மட்டும் எடுங்கள். மரத்தின் இனம், தண்டின் தடிமன், தரையிலிருந்து உயரம், சரிவின் திசை, ஆயத்தொலைவு, அதன் நிலையின்மை ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். நிழலில் உலர்த்தி, அமிலமற்ற காகித உறையில் இட்டு, அலமாரிக்குள் வைக்குமுன் சில நாட்கள் உறைநிலைப் பெட்டியில் வைத்தால் பூச்சிகள் மடியும்.

திருத்தத்தைத் திருப்பி அனுப்புதல்

உங்கள் விரிதாளில் திருத்தம் இருந்து, ஹெர்பேரியத்தின் தரவில் பழைய பிழையே இருந்தால், அடுத்தவர் மறுபடி பின்லாந்து வளைகுடாவிலிருந்துதான் தொடங்குவார். உறையின் பதிவெண், இப்போதுள்ள மதிப்பு, நீங்கள் முன்மொழியும் மதிப்பு, அதற்கான காரணம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு வரியாக எழுதிப் பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். 'ஆயத்தொலைவு தவறு' என்று மட்டும் எழுதினால் ஏற்பார்களா என்பது ஐயமே. 'ஊர் பிரசோவ், மைல் ஆஸ்திரிய மைல், சான்று உயரம்' என்று எழுதினால் அவரால் உடனே சரிபார்க்க முடியும். நான் அனுப்பிய முதல் பட்டியலை ஒரு ஹெர்பேரியம் இரண்டு ஆண்டுகள் கிடப்பில் போட்டது. காரணம் கேட்டபோது, பதிவெண் நிரலில் முன்னால் இருந்த பூச்சியங்களை என் விரிதாள் விழுங்கிவிட்டதால் ஓர் உறையைக்கூட அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று தெரிந்தது. அந்த நிரலை உரை வடிவில் அமைத்துவிட்டு அனுப்புங்கள்.

இனத்தின் பெயரையே மாற்றுவதாக இருந்தால் மின்னஞ்சல் போதாது, திருத்தச் சீட்டு வேண்டும். அமிலமற்ற சிறு காகிதத்தில் நிலைத்த மையால் புதிய பெயர், உங்கள் பெயர், ஆண்டு, எந்தப் பண்பைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்பதை எழுதி, பழைய சீட்டின் எந்த எழுத்தையும் மறைக்காமல் அதன் கீழே ஒட்டக் கொடுங்கள். பழைய உறைகள் சிலவற்றில் இப்படி மூன்று நான்கு சீட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்: ஸ்டிக்டா என்றவர், லோபாரியா என்றவர், லினிட்டா என்று மாற்றியவர், மறுபடி புல்மோனேரியா என்று திருப்பியவர். நான்காமவர் 'சொரீடியா உண்டு' என்று இரண்டே சொல் எழுதியிருந்தால், ஐந்தாவதாக உறையைத் திறப்பவர் உருப்பெருக்கியை எங்கே வைக்க வேண்டும் என்று அறிந்துகொள்வார்.